முயல் இரத்தக்கசிவு நோய் வைரஸ்: ஒரே ஆர்.என்.ஏ இழையிலிருந்து இத்தனை புரதங்கள் எப்படி உருவாகின்றன? பழைய தடுப்பூசி புதிய வகைக்கு ஏன் போதவில்லை?

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். வார இறுதியில், தமிழ் படிக்கும் மூத்த பிள்ளைகளுக்கு அறிவியல் பாடங்களைத் தமிழிலேயே விளக்கும் சிறு வகுப்பு ஒன்றையும் நடத்தி வருகிறேன். என் மாமனார் வீட்டின் பின்புறத்தில் முயல் வளர்க்கிறார். 2022 நவம்பரில் இங்கே தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் முயல் இரத்தக்கசிவு நோய் உறுதி செய்யப்பட்டதிலிருந்து அவர் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார். வகுப்பிலும் அதே கேள்விகள் எழுகின்றன.

நான் படித்தறிந்தவரை, இந்த வைரஸ் கலிசிவைரஸ் குடும்பத்தில் லாகோவைரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதன் மரபணுத்தொகை ஏறத்தாழ 7,400 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒற்றை ஆர்.என்.ஏ இழை மட்டுமே. அந்த இழை நேரடியாகவே தூது ஆர்.என்.ஏ போலப் படிக்கப்படக் கூடியது. இங்கேதான் என் முதல் ஐயம் எழுகிறது. நம் உயிரணுக்களின் தூது ஆர்.என்.ஏவுக்கு முன்முனையில் மெத்தில் குவானோசின் தொப்பி ஒன்று இருக்கும் என்றும், ரைபோசோம் அதைக் கண்டுதான் வந்து சேரும் என்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த வைரஸின் ஆர்.என்.ஏவுக்கு அந்தத் தொப்பி இல்லை என்றால், ரைபோசோம் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறது? அதில் படிப்புச் சட்டங்கள் (புரதமாகப் படிக்கப்படும் பகுதிகள்) இரண்டுதான் இருக்கும்போது, அத்தனை புரதங்களும் எங்கிருந்து வருகின்றன?

இரண்டாவது ஐயம் மாமனாருடையது. பழைய வகைக்கு எதிரான தடுப்பூசி போட்ட முயல்களும் இரண்டாம் வகையால் இறக்கின்றன என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். பழைய வகை தாக்காத இளங்குட்டிகளையும் புதியது கொல்கிறது என்கிறார்கள். மூலக்கூறு அளவில் இதற்கு என்ன காரணம்? இத்துறையில் இருப்பவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: டர்பன் மூலக்கூறு உயிரியலாளர்

வணக்கம் அம்மா. நான் வைரஸ்களின் புரதமாக்கம் குறித்துப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவன். உங்கள் முதல் ஐயத்துக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன், ஏனெனில் இந்தக் குடும்பத்தின் சிறப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் இந்த வைரஸ் ஒரு சிறு புரதத்தையே ஒட்டி வைத்திருக்கிறது. வி.பி.ஜி எனப்படும் அந்தப் புரதம் ஏறத்தாழ 13 கிலோடால்ட்டன் எடையுள்ளது. அதிலுள்ள டைரோசின் அமினோ அமிலம் ஒன்றின் வழியாக ஆர்.என்.ஏவின் முன்முனையோடு வேதிப் பிணைப்பால் இணைந்திருக்கிறது. உயிரணுவில் தொப்பியை அடையாளம் காணும் வேலையைச் செய்வது இ.ஐ.எஃப்.4இ என்னும் தொடக்கக் காரணி. கலிசிவைரஸ்களின் வி.பி.ஜி இந்தத் தொடக்கக் காரணிகளோடு தானே போய்ப் பிணைந்து, ரைபோசோமின் சிறு துணையலகை வைரஸ் ஆர்.என்.ஏவுக்கு வரவழைக்கிறது. இதே குடும்பத்து வைரஸ்களின் ஆர்.என்.ஏவிலிருந்து புரதம் சிதைக்கும் நொதியைக் கொண்டு வி.பி.ஜியை நீக்கிவிட்டால், அந்த ஆர்.என்.ஏ தன் தொற்றும் திறனை இழந்துவிடுகிறது. ஆர்.என்.ஏவின் எழுத்துத் தொடர் ஒன்றுகூட மாறாதபோதும் இப்படி நிகழ்வதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். போலியோ வைரஸிலும் வி.பி.ஜி உண்டு, ஆனால் அங்கே ரைபோசோமை வரவழைப்பது ஆர்.என்.ஏவின் மடிப்புகளால் ஆன உள் நுழைவிடம், வி.பி.ஜிக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஒரே பெயருடைய புரதம் இரண்டு குடும்பங்களிலும் ஒரே வேலையைச் செய்வதாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, படிப்புச் சட்டங்களைப் பார்ப்போம். முதலாவது மிக நீளமானது. அதிலிருந்து 2,344 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே தொடர்ப் புரதம் உருவாகிறது. அந்தத் தொடருக்குள்ளேயே, போலியோ போன்ற பைகோர்னா வைரஸ்களின் 3சி நொதியை ஒத்த ஒரு வெட்டும் நொதியும் அடங்கியிருக்கிறது. அது தன்னையும் விடுவித்துக்கொண்டு, மற்றவற்றையும் குறிப்பிட்ட இடங்களில் வெட்டிப் பிரிக்கிறது. இப்படி வெளிப்படுபவற்றுள் ஏ.டி.பி போன்றவற்றைச் சிதைத்து ஆற்றல் பெறும் ஒரு நொதி, மேலே சொன்ன வி.பி.ஜி, அந்த வெட்டும் நொதி, ஆர்.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் ஆகியவை முக்கியமானவை. பணி இன்னும் முழுதாகத் தெளிவாகாத சிறு புரதங்கள் சிலவும் இவற்றோடு உண்டு. தொடரின் கடைசிப் பகுதியில் வருவது வி.பி.60 என்னும் உறைப்புரதம்.

உறைப்புரதம் பேரளவில் தேவைப்படும் பொருள். ஒரு வைரஸ் துகளுக்கு 180 பிரதிகள் வேண்டும். அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 90 இணைகளாக நின்று கூட்டை அமைக்கின்றன. நகலெடுக்கும் பாலிமரேஸோ சிறிதளவு இருந்தாலே போதும். எல்லாவற்றையும் ஒரே தொடரிலிருந்து வெட்டியெடுத்தால் இரண்டும் சம அளவில்தான் கிடைக்கும் என்பதால், வைரஸ் இரண்டாவது ஆர்.என்.ஏ ஒன்றையும் தயாரிக்கிறது. மரபணுத்தொகையின் பின்பகுதியை மட்டும் நகலெடுத்த, ஏறத்தாழ 2,200 நியூக்ளியோடைடு நீளமுள்ள துணை ஆர்.என்.ஏ அது. அதன் முன்முனையிலும் வி.பி.ஜி இருக்கிறது, அதிலிருந்து வி.பி.60 பெருமளவில் உருவாகிறது. மனிதரைத் தாக்கும் நோரோவைரஸில் உறைப்புரதத்துக்குத் தனிப் படிப்புச் சட்டம் உண்டு. லாகோவைரஸில் அது முதல் சட்டத்தின் தொடர்ச்சியாகவே அமைந்திருப்பதால், நீண்ட தொடரிலிருந்தும் சிறிதளவு கிடைக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டாவது படிப்புச் சட்டத்திலிருந்து வி.பி.10 என்னும் சிறு புரதம் பிறக்கிறது. அதில் 117 அமினோ அமிலங்கள். இந்தச் சட்டத்தின் தொடக்கக் குறியும் முதல் சட்டத்தின் நிறுத்தக் குறியும் மிக நெருக்கமாக, இரு சட்டங்களும் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைந்திருக்கின்றன. வழக்கமாக, ஒரு புரதத்தை முடித்த ரைபோசோம் இரண்டு துணையலகுகளாகப் பிரிந்து ஆர்.என்.ஏவை விட்டு விலகிவிடும். இங்கே நிறுத்தக் குறிக்கு முன்னாலுள்ள சுமார் 80 நியூக்ளியோடைடு பகுதியில், ரைபோசோமின் சொந்த 18எஸ் ஆர்.என்.ஏவுக்கு இணையாகப் பொருந்தும் ஒரு குறுந்தொடர் இருக்கிறது. வி.பி.60ஐ முடித்த ரைபோசோம்களுள் ஒரு சிறு பகுதி இந்தப் பொருத்தத்தினால் அங்கேயே பிடித்து நிறுத்தப்பட்டு, அருகிலுள்ள தொடக்கக் குறியிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்குகிறது. முடித்த இடத்திலேயே மீண்டும் தொடங்கும் இந்த முறையைத் தெளிவாக நிறுவிய முதல் ஆய்வுகள் இந்த முயல் வைரஸைக் கொண்டே செய்யப்பட்டவை. புரதமாக்கம் நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. இந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்தே ஒரு முழு வகுப்பு நடத்தலாம் அம்மா.

பதில்: கேப் கால்நடை மருத்துவர்

ஐயா மிக நன்றாக விளக்கியிருக்கிறார். நான் மேற்குக் கேப் மாகாணத்தில் பணிபுரிபவள். மாமனாரின் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பலர் என்னிடம் மிக்சோமட்டோசிஸ் என்னும் மற்றொரு முயல் நோயையும் இதையும் ஒன்றாகக் கருதிப் பேசுவதால், முதலில் ஒரு தெளிவு: அந்த நோயை உண்டாக்கும் மிக்சோமா வைரஸ் பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த டி.என்.ஏ வைரஸ். இரண்டுக்கும் மூலக்கூறு உறவு எதுவும் இல்லை. நாம் பேசும் வைரஸ் மனிதரைத் தாக்குவதும் இல்லை.

பழைய வகை 1984ஆம் ஆண்டு சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட அங்கோரா முயல்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஓராண்டுக்குள் அந்நாட்டில் ஏறத்தாழ 14 கோடி வளர்ப்பு முயல்கள் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் வகை 2010இல் பிரான்சில் தோன்றியது. இப்போது இவற்றை முறையே ஜி.ஐ.1 என்றும் ஜி.ஐ.2 என்றும் வகைப்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 2022இல் கரூவில் கண்டது இரண்டாம் வகையே.

தடுப்பூசி ஏன் போதவில்லை என்பதற்கான விடை வி.பி.60இன் வெளிப்புறத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்தில் கூட்டின் உட்சுவராக அமையும் பகுதியும், வெளியே துருத்தி நிற்கும் பகுதியும் உண்டு. துருத்தி நிற்கும் பகுதியின் உச்சிதான் முயலின் எதிர்ப்பொருள்களின் கண்ணில் படுவது. வகைக்கு வகை மிக அதிகமாக மாறுபடுவதும் அதே உச்சிதான். பழைய வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள்கள் இரண்டாம் வகையின் உச்சியில் சரியாகப் பிணைவதில்லை. ஆகவே கிடைக்கும் பாதுகாப்பு அரைகுறையானது. மருந்துக் குப்பியின் மேல் இரண்டு வகைகளின் பெயரும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குமாறு மாமனாரிடம் சொல்லுங்கள். எது இங்கே கிடைக்கும் என்பதை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

குட்டிகளைப் பற்றியது இதைவிடச் சிக்கலானது. வைரஸ் முதலில் ஒட்டிக்கொள்வது, மூச்சுப் பாதையிலும் குடலிலும் உள்ள மேற்பரப்பு உயிரணுக்களின் இரத்தவகைச் சர்க்கரைகளில். குறிப்பாக எச் வகை 2 என்னும் சர்க்கரையிலும் ஏ வகைச் சர்க்கரையிலும். இளங்குட்டிகளின் திசுக்களில் இந்தச் சர்க்கரைகள் ஏறக்குறைய இல்லை என்பதும், பழைய வகை வைரஸ் துகள்கள் அங்கே மிகக் குறைவாகவே ஒட்டுகின்றன என்பதும் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டன. ஆனால் அதோடு விடை முடிந்துவிடவில்லை. பழைய வகை குட்டிகளின் உடலில் நுழைந்தும் சிறிதளவு பெருகுகிறது. அவற்றின் கல்லீரல் உடனடியாகக் காட்டும் பிறவி எதிர்ப்பு அதை அடக்கிவிடுகிறது. இரண்டாம் வகையோ சில வாரக் குட்டிகளையும் கொல்கிறது. ஆகவே சர்க்கரை ஒன்றையே காரணமாகச் சொல்லி வகுப்பை முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரேதப் பரிசோதனையில் தெரிவதையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் வெளிறி, தொட்டால் உதிரும் தன்மையோடு, அதன் நுண்மடல்களின் எல்லைக் கோடுகள் துலக்கமாகத் தெரியும்படி இருக்கும். மூச்சுக்குழாயில் இரத்தம் கலந்த நுரை நிற்கும். உறையும் பொருள்களை உற்பத்தி செய்யும் கல்லீரல் உயிரணுக்கள் கூட்டமாகச் சாவதும், உடலெங்கும் நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து உறைபொருள்கள் தீர்ந்துபோவதும் சேர்ந்தே கசிவை உண்டாக்குகின்றன.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. டாக்டர் அம்மா, இரத்தவகைச் சர்க்கரை என்றவுடன் என் மாணவி ஒருத்தி, மனித இரத்த வகைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: டர்பன் மூலக்கூறு உயிரியலாளர்

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அவளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். தொடர்பு உண்டு. இந்த வைரஸைக் கண்டறிய முதலில் பயன்பட்ட எளிய சோதனையே அதை அடிப்படையாகக் கொண்டது. நோயுற்ற முயலின் கல்லீரல் சாற்றைப் படிப்படியாக நீர்த்து, சிறு குழிகள் கொண்ட தட்டில் ஊற்றி, ஓ வகை மனிதச் சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் இறங்கி, குங்குமப் பொட்டு வைத்தாற்போல் ஒரே இடத்தில் குவியும். வைரஸ் இருக்கும் குழியில் அவை ஒன்றோடொன்று பிணைந்து, அடிப்பரப்பு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். எந்த நீர்ப்பு வரை படலம் தோன்றுகிறதோ, அதைக்கொண்டு வைரஸின் அளவையும் மதிப்பிடலாம்.

ஓ வகை அணுக்களில் எச் சர்க்கரை மிகுதி. பம்பாய் இரத்த வகை எனப்படும் அரிய வகையில் எச், ஏ, பி ஆகிய மூன்றும் இல்லை. மேலே டாக்டர் அம்மா குறிப்பிட்ட அதே 2000ஆம் ஆண்டு ஆய்வில், பம்பாய் வகைச் சிவப்பணுக்களை இந்த வைரஸ் பிணைக்கவில்லை என்பது காட்டப்பட்டது. எச் சர்க்கரை சுரக்கும் மனிதரின் எச்சிலைச் சேர்த்தபோது பிணைப்பு தடைப்பட்டது. சுரக்காதவரின் எச்சிலால் தடைப்படவில்லை. ஒட்டுதல் எதைச் சார்ந்தது என்பதை இவ்வளவு எளிய கருவிகளைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். சிவப்பணுவின் மேல் வைரஸ் ஒட்டுகிறது என்பதால் மனிதருக்கு நோய் வரும் என்று பொருளில்லை. ஒட்டுவதற்கும் உட்புகுந்து பெருகுவதற்கும் இடையே பல படிகள் உண்டு. நம் உயிரணுக்களில் இந்த வைரஸ் அவற்றைக் கடப்பதில்லை. மாணவி இதைக் கேட்டு அஞ்சிவிடாதபடி இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் முதுகலை மாணவன்

வணக்கம் அண்ணா. ஓர் ஐயம். இந்த வைரஸை உயிரணு வளர்ப்பில் எளிதாகப் பெருக்க முடியாது என்று படித்தேன். அப்படியானால் தடுப்பூசியை எப்படித் தயாரிக்கிறார்கள்? மேலும், நோய் உண்டாக்காத முயல் கலிசிவைரஸ்களும் உண்டு என்கிறார்களே, அவற்றோடு இது கலக்குமா?

பதில்: டர்பன் மூலக்கூறு உயிரியலாளர்

தம்பி, முதல் பாதிக்குச் சுருக்கமான விடை: வழக்கமான உயிரணு வரிசைகளில் இது நம்பகமாகப் பெருகுவதில்லை. அதனால்தான் பழைய தடுப்பூசிகள், தொற்று ஏற்றப்பட்ட முயல்களின் கல்லீரலிலிருந்து வைரஸை எடுத்து, அதைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டன. ஊசிக்காக முயலைக் கொல்ல வேண்டியிருப்பது எனக்கு என்றுமே உறுத்தலாக இருந்து வந்திருக்கிறது. மாற்று வழி வி.பி.60இலேயே இருக்கிறது. பூச்சி உயிரணுக்களில், பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸ் வழியாக அந்த ஒரே புரதத்தை உருவாக்கினால், அது தானாகவே ஒன்றுகூடி, உள்ளே ஆர்.என்.ஏ இல்லாத வெற்றுக் கூடாக அமைந்துவிடுகிறது. எதிர்ப்பொருள்கள் அந்தக் கூட்டை உண்மையான வைரஸாகவே காண்கின்றன. அதற்கோ பெருகும் திறன் கிடையாது. மிக்சோமா வைரஸில் வி.பி.60 மரபணுவைப் புகுத்தி, ஒரே ஊசியில் இரண்டு நோய்களுக்கும் பாதுகாப்பு தரும் தடுப்பூசியும் உண்டு. முயல் கல்லீரலின் மூல உயிரணுக்களிலிருந்து வளர்க்கப்படும் ஆர்கனாய்டுகளில் (சிறு உறுப்பு போன்ற உயிரணுத் திரள்களில்) வைரஸைப் பெருக்குவதில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் வெற்றி கண்டிருக்கிறார்கள். அது நிலைபெற்றால் பல கேள்விகளுக்கு முயலைத் தொடாமலேயே விடை தேடலாம்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். கலக்கும்; அடிக்கடி கலக்கிறது. ஒரே உயிரணுவில் இரண்டு லாகோவைரஸ்கள் நுழைந்துவிட்டால், பாலிமரேஸ் ஓர் ஆர்.என்.ஏவை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே அதை விட்டு மற்றதற்குத் தாவிவிடலாம். இந்தத் தாவல் மிகுதியாகக் காணப்படும் இடம், பாலிமரேஸ் மரபணு முடிந்து வி.பி.60 தொடங்கும் எல்லை. துணை ஆர்.என்.ஏ தொடங்குவதும் ஏறத்தாழ அங்கேதான். இதன் விளைவாக, நகலெடுக்கும் கருவிகள் ஒரு வைரஸிடமிருந்தும் புறக்கூடு மற்றொன்றிடமிருந்தும் வந்த கலப்பினங்கள் தோன்றுகின்றன. ஆஸ்திரேலியாவில் 2015இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இரண்டாம் வகையே அத்தகைய கலப்பினம்தான். பின்னர், அந்நாட்டிலேயே இருந்த, நோய் உண்டாக்காத ஜி.ஐ.4 வைரஸ்களிடமிருந்து முன்பகுதியைப் பெற்ற கலப்பினங்களும் அங்கே பரவின. அவையும் முயல்களைக் கொன்றன. ஆகவே கொல்லும் தன்மைக்கான காரணத்தை முன்பகுதிப் புரதங்களில் மட்டும் தேடுவது சரியாகாது. உறைப்புரதத்துக்கும் அதில் பெரும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. வி.பி.60ஐ மட்டும் பார்க்கும் பி.சி.ஆர் சோதனை நோயை உறுதி செய்யப் போதும். வைரஸ் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது அது தவறான வழியைக் காட்டக்கூடும். பாலிமரேஸ் பகுதியையோ, முடிந்தால் மரபணுத்தொகை முழுவதையுமோ வரிசைப்படுத்துவதுதான் நேர்மையான வழி.

பதில்: கேப் கால்நடை மருத்துவர்

ஐயா சொன்னது கரூவுக்கு மிகவும் பொருந்தும். பழைய வகை ஐரோப்பிய முயலோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. இரண்டாம் வகை வேறு பேரினங்களைச் சேர்ந்த காட்டு முயல்களையும் தாக்குகிறது. அழியும் விளிம்பில் இருக்கும் நம் ஆற்றோர முயல் கரூவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை; அது ஈனும் குட்டிகளும் மிகக் குறைவு. ஆகவே இங்கே கிடைக்கும் ஒவ்வொரு மாதிரியும் மதிப்புடையது.

மாமனாருக்குச் சில சொற்கள். முயல் திடீரெனச் செத்துக் கிடந்தால் அதைப் புதைத்துவிட வேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அரசுக் கால்நடை மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். வைரஸ் மிகுதியாக இருப்பது கல்லீரலில் என்பதால், சோதனைக்கு அவர் எடுப்பது அதன் ஒரு துண்டாகத்தான் இருக்கும். இந்த வைரஸுக்குக் கொழுப்புறை கிடையாது. ஆகவே கைக்குப் பூசும் ஆல்கஹால் திரவத்தை நம்பிக் கூண்டைத் துடைப்பது பயன் தராது. முதலில் சோப்பு நீரால் அழுக்கை நீக்கி, பிறகு நீர்த்த குளோரின் பிளீச்சை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். சடலத்தில் வைரஸ் பல வாரங்கள் உயிர்ப்போடு இருக்கும். சடலத்தில் மொய்த்த ஈக்களும் அதைச் சுமந்து செல்லும். கூண்டுகளுக்கு ஈ புகாத வலை அடிப்பதும், வெளியில் அறுத்த புல்லை அப்படியே போடாமல் இருப்பதும் இதனால்தான் அவசியம்.